திருநாள் இல்லாத பாதிரியார்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் கதைதான். செபமாலை முடிந்த கையோடு பாட்டி அட்டை கிழிந்த ‘அர்ச்சியசிஷ்டர்’ என்ற புனிதர் கதைப் புத்தகத்தை எடுத்து அத்தையிடம் நீட்டுவார். அத்தை வாசிக்க, பாயில் இருக்கும் எல்லோரும் கேட்க வேண்டும். மற்ற மாதங்களில் அந்தந்த நாளுக்குரிய புனிதர். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், “சவேரியார் சொல்லிக்கொடுத்தது” என்று முடித்துவிடுவார் பாட்டி.

எனக்கு அது மனசில் ஒட்டவே இல்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு தமிழ்ச் செபங்களை மனப்பாடம் பண்ணிச் சொன்னவர். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் என்று கரை நெடுக நடந்தவர். வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும் பழக்கத்துக்குப் புத்தகம் வேண்டுமே. அது யார் கொடுத்தது?

தேடினால் 1586-இல் போய் நின்றது. இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ வந்து எட்டு ஆண்டு கழித்து அச்சான ‘அடியார் வரலாறு’. புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வரிசையில் சொல்லும், அறுநூறு பக்கத்தைத் தாண்டிய நூல். எழுதியவர் அன்றீக்கே அன்றீக்கஸ், நம் முன்னோர் வாயில் அண்டிறிக்கிப் பாதிரியார். அச்சான இடம் புன்னைக்காயல் என்று பல புத்தகங்களில் படித்ததால் அங்கே போனேன்.

ஊரில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார்கள். வலை முடைந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து கோயிலுக்குப் பின்னால் மணலைக் காட்டினார். “இங்கதான் தம்பி அச்சுக்கூடம்.” கொஞ்ச நேரம் கழித்து, தாமிரபரணி கடலில் விழும் பக்கம் கையை நீட்டி, “அந்தா, தண்ணி நிக்குல்லா, அங்க. கடல் எடுத்துக்கிட்டு” என்றார். எது சரி ஐயா என்றேன். “ரெண்டும்தான்.” அந்தப் புத்தகத்தில் சவேரியார் கதையும் இருந்தது என்று அடித்துச் சொன்னார். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததே 1622-இல்தானே என்று மெல்லக் கேட்டேன். கையில் இருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். “ரோமாபுரி குடுத்தது அப்ப. நாங்க அதுக்கு முன்னாலயே குடுத்துட்டோம்.”

அந்தப் பதிலுக்கு முன்னால் என் ஆண்டுக்கணக்கு எடுபடவில்லை. ஆனால் அச்சுக்கூடம் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களிலும் ஒரு சாரார் புன்னைக்காயல் என்கிறார்கள், இன்னொரு சாரார் கொச்சி என்கிறார்கள். கொல்லம், கொச்சி என்று முந்தைய நூல்களுக்கு இடம் தெளிவாக இருக்க, இதற்கு மட்டும் இந்த இழுபறி. நானும் வெகுநாள் அதையே பிடித்துக்கொண்டு அலைந்தேன்.

என்னைத் திருப்பியது அந்த நூலின் ஒரு பக்கத்தின் நகல். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கொடு, கோடு இரண்டுக்கும் ஒரே வடிவம். கண்ணால் ஓட்டிப் பார்த்து இரண்டு வரி தாண்டமுடியவில்லை. அத்தையிடம் கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டிச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். தப்பாக வந்த சொல்லைப் பக்கத்தில் இருந்த சித்தப்பா சரி செய்தார். அரைப் பக்கம் போவதற்குள் எல்லோருக்கும் புரிய ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டால் இந்தப் புத்தகம் தானாகத் திறக்கிறது. எங்கள் பாயும் செபமாலையும் நானூறு ஆண்டு பழையதாகத்தான் இருக்கவேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கே அச்சடித்தார்கள் என்ற கேள்வியை அத்தோடு விட்டேன். தமிழ் அச்சுக்கு முத்துக்குளிக்கிற சனம்தான் பணம் திரட்டிக் கொடுத்தது என்ற செய்தி அதைவிடப் பெரிதாகப் பட்டது.

பிறகு நூலை எழுதிய அண்டிறிக்கிப் பாதிரியாரைத் தேடினேன். போர்ச்சுக்கலில், யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே இந்தக் கரைக்கு வந்துவிட்டார். 1549-இல் இதே கரையில் உள்ள வேதாளையில் பாதிரியார் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டபின் இங்குள்ள பாதிரிமாருக்குத் தலைவரானார். தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். சவேரியார் ஓரிரு ஆண்டுகளில் கிளம்பிவிட, இவர் அரை நூற்றாண்டு இங்கேயே கிடந்து 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார், அடக்கம் தூத்துக்குடியில். ஊர் ஊராகப் புனிதர் கதைகளை வாசிக்கக் கொடுத்த இவருடைய கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் வாசித்ததில்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை.

தெரிந்ததை எல்லாம் நாலைந்து தாளில் எழுதி அத்தையிடம் கொடுத்தேன். “எந்தத் தேதியில வாசிக்கிறது? இவருக்குத் திருநாள் இல்லையே” என்றார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான அக்டோபர் 20 என்று சித்தப்பா சொல்ல, எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஒரே மாலையில் முடியவில்லை. வேதாளையில் கிரிமினாலி கொல்லப்பட்ட இடத்தில் பிள்ளைகள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டதில் கதை அடுத்த வாரத்துக்கும் நீண்டுவிட்டது.