கிண்டியில் ஓர் ஏக்கர்

எண்பதுகளில் சைதாப்பேட்டை, சின்னமலைப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் கிண்டிதான். சர்தார் படேல் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கும்போதே வெயில் ஒரு படி குறைந்துவிடும். ஆளுநர் மாளிகைக் காட்டின் மரங்கள் அவ்வளவு அடர்த்தி. சிறுவர் பூங்காவின் ஊஞ்சலும் சறுக்குமரமும் எல்லோரையும் இழுக்கும். என்னை இழுத்தது அதை ஒட்டி இருந்த பாம்புப் பண்ணை.

எங்கள் தெருவில் பாம்பு என்றால் தடிதான் முதலில் வரும். மழை விட்ட மறுநாள் விறகு அடுக்கிலோ கிணற்றடியிலோ எதுவாவது தலைகாட்டினால், அது சாரையா விரியனா என்று யாரும் கேட்கமாட்டார்கள். செத்தது நல்ல பாம்பு என்று தெரிந்தால் மட்டும் எங்கள் பாட்டி கைகூப்புவாள். பால் தெளித்து, ஒரு காசு வைத்து எரிக்கச் சொல்லுவாள். அடித்த கையாலேயே கும்பிட்டும் வழியனுப்பினோம். பாம்பை நின்று பார்த்தவர் மட்டும் தெருவில் யாரும் இல்லை.

நின்று பார்க்கக் கிடைத்த இடம் கிண்டி. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளம். அதில் மணல், கல், காய்ந்த கிளை. முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும், சருகு என்று நினைத்த இடத்தில் கண்ணாடிவிரியன் கிடக்கும். அது சீறினால் பிரஷர் குக்கர் ஆவி விடுவதைப் போல நீளமாக இரையும். பண்ணை ஊழியர் ஒருவர் சாரையைக் கையில் ஏந்தி வந்து பேசுவார். "பால் ஊத்தினா குடிக்குமாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "தாகத்துல தவிச்சா எதையும் குடிக்கும் தம்பி. ஆனா பால் அதுக்கு ஆகாது" என்றார். மகுடிக்கு ஆடுகிறதே என்றால், பாம்புக்கு வெளிக்காது கிடையாது, அது மகுடி அசையும் பக்கம் தலையைத் திருப்புகிறது என்பார். கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகைக்காகக் காத்திருக்கும் என்று நாங்கள் நடுங்கிய கொம்பேறிமூக்கன் விஷமே இல்லாத சாது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இந்தப் பண்ணையின் கதை கிண்டியில் தொடங்கவில்லை. இதைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர் முதலில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில்தான் இதை வைத்திருந்தார். வனத்துறையிடமிருந்து கிண்டியில் ஓர் ஏக்கர் கிடைத்ததும் 1972-இல் இங்கே வந்தார். அதே ஆண்டில்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தக் காலத்தில் பாம்புத்தோல் பெரிய ஏற்றுமதிச் சரக்கு. நம் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் பழங்குடியினர் வரப்பு வரப்பாக அலைந்து பிடித்த பாம்புகளின் தோல், கைப்பையாகவும் இடுப்புவாராகவும் வெளிநாடு போனது. வியாபாரிக்குப் பணம் சேர்ந்தது, பிடித்தவருக்குச் சில்லறைதான் மிஞ்சியது.

அந்தத் தோல் வியாபாரத்தில் மிகவும் அடிபட்டவற்றில் ஒன்று மலைப்பாம்பு. பருத்த உடம்பு, விஷமில்லை, மெல்ல நகரும். தோலுக்காகப் பிடித்தார்கள், கொழுப்பு மருந்தென்று நம்பிக் கொன்றார்கள். சட்டம் அதை முதல் அட்டவணையில், புலிக்குத் தரும் அதே பாதுகாப்பில் வைத்தது. கிண்டிப் பண்ணை அதைக் கூண்டில் காட்டியதோடு நிற்காமல் இனப்பெருக்கமும் செய்யவைத்தது. முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடந்த ஒரு தாய் மலைப்பாம்பை அங்கே பார்த்திருக்கிறேன். முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை பெரும்பாலும் இரை எடுக்காது. குளிர்ந்தால் தசைகளை வெட்டி வெட்டி இழுத்துத் தன் உடம்பைச் சூடாக்கி முட்டைக்குத் தரும். வெகுநேரம் நின்றால்தான் அந்தத் துடிப்பு கண்ணில் படும். பாம்புக்கும் தாய்மை உண்டு என்று எனக்குச் சொன்னது அந்தத் துடிப்புதான்.

பண்ணையில் பழகிய கண் வெளியிலும் வேலை செய்தது. கிண்டிக் காட்டின் வேலியோரம் உடும்பு நாக்கை நீட்டி நீட்டி மண்ணை முகர்ந்துகொண்டு போகும். இணைதேடும் காலத்தில் ஆண் ஓணான் தலையும் தோளும் செக்கச்சிவந்து, கிளையில் தண்டால் எடுக்கும். ஐ.ஐ.டி. பக்கத்துப் புதரில் பச்சைப்பாம்பு காற்றுக்கு ஆடும் கொடியோடு தானும் ஆடும். ஒருநாள் வேளச்சேரித் தரிசில் இரண்டு பாம்புகள் முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றன. சாரையும் நாகமும் பிணைகின்றன என்று கூட்டம் கூடியது, மேலே போடப் புதுத்துணி தேடி ஒருவர் ஓடினார். இரண்டுமே ஆண் சாரைகள், பலப்பரீட்சை நடத்துகின்றன என்று பண்ணையில் கற்றதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஆனால் யாரும் கல்லெடுக்கவும் இல்லை. பார்ப்பதில் மூழ்கியவன் அடிக்க மறந்துவிடுகிறான் என்று அன்று கண்டேன்.

அந்த ஓர் ஏக்கரில் முளைத்தவை பல. விட்டேகரும் தோழர்களும் 1976-இல் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். பதின்மூன்று வயதில் பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வந்த சேகர் தத்தாத்ரி, நாடறிந்த வனவிலங்குப் படக்கலைஞர் ஆனார். எல்லாவற்றிலும் பெரியது 1978-இல் பிறந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உயிரோடு பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விடுகிறார்கள். தோலுக்காகக் கொன்ற தொழில், உயிர்காக்கும் தொழிலாக மாறியது. அரசு மருத்துவமனையில் பாம்புக்கடிக்கு ஏற்றும் நஞ்சுமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அவர்கள் கையால் வருகிறது. 2017-இல் அந்த இருளர்களில் இருவரான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடா போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம்பார்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தியைப் படித்தபோது என் வீட்டாருக்கே கிடைத்ததுபோல மனம் நிறைந்தது.

நான் சாரைகளைப் பார்த்த வேளச்சேரித் தரிசு இன்று அடுக்குமாடிகள். ஏரியும் வரப்பும் போனால் தவளையும் எலியும் இடம்மாறும், பின்னாலேயே பாம்பும் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் பாம்புகள் ஒதுங்கின. ஆனாலும் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். இப்போது தடி தேடுவதற்கு முன் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் போடும் வீடுகள் பெருகியிருக்கின்றன. பள்ளிச் சீருடையில் வரிசையாகக் கிண்டிக்கு வந்து, அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்த பிள்ளைகள்தான் இன்று அந்த வீடுகளின் பெரியவர்கள். நாற்பது ஆண்டு கழித்துப் பலன் தரும் வேலை இது. ஆகவே உங்கள் பிள்ளைகளையும் ஒருநாள் கிண்டிக்கு அழைத்துப் போங்கள். ஒவ்வொரு கூண்டின் முன்னும் அவர்கள் போதும் என்று சொல்லும்வரை நிற்கவிடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.