கல்லுக்குள் ஏழு ஸ்வரம்... காதுக்குள் ஸ்பெயின்!

"ஏல, அந்த கீபோர்டை வித்துருவோமா? பரண்ல சும்மாதானே கெடக்கு?"

ஞாயித்துக்கிழமை காலையில அம்மா கேட்ட கேள்வி. அஞ்சு வருஷம் பியானோ க்ளாஸ் போனவன், இன்ஜினீயரிங் சேர்ந்ததும் மூட்டை கட்டிட்டேன். பதில் சொல்லாம பாளையங்கோட்டையில பஸ் ஏறிட்டேன். காதுல ஹெட்போன்... அதுல ஸ்கார்லாட்டி!

யாருன்னு கேக்கறீங்களா? டொமினிகோ ஸ்கார்லாட்டி. 1685-ல் இத்தாலியில் பிறந்தவர். போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை வாத்தியார். இளவரசி ஸ்பெயினுக்கு மருமகளாகப் போக, இவரும் கூடவே போனார். 1757-ல் மாட்ரிட்டில் இறந்தார். கணக்கில் இருக்கிற சொனாட்டாக்கள் மட்டும் 555!

அதெல்லாம் பெரும்பாலும் ஹார்ப்சிகார்டுக்கு எழுதினது. அதுல கட்டையை அழுத்தினா, இறகுத் தண்டு ஒண்ணு கம்பியைச் சுண்டும். மெதுவா அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பியானோ அப்படியில்ல. குட்டிச் சுத்தியல் கம்பியை அடிக்கும். விரல் கொஞ்சினா கொஞ்சும், மிரட்டினா மிரட்டும். என் காதுல ஓடினது கே.141 சொனாட்டா. ஒரே ஸ்வரத்தைப் படபடன்னு தட்டி, கிடார் மாதிரி மிரள வைக்கும். இன்னிக்கு அதைப் பெரும்பாலும் பியானோவுலதான் கேக்குறோம். 'வேற வாத்தியத்துல வாசிச்சா அது அவர் இசையா?'ன்னு ஒரு பஞ்சாயத்து இன்னும் ஓடுது.

பஸ் சுலோச்சன முதலியார் பாலத்துல ஏறுச்சு. 1843-ல் திறந்த பாலம். கீழே தாமிரபரணி. டவுன்ல இறங்கி நேரா நெல்லையப்பர் கோயில், மணி மண்டபம். பெரிய தூணைச் சுத்தி சின்னச் சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல்லுல. தட்டினா ஒவ்வொண்ணும் ஒரு ஸ்வரம். நீளம், பருமன், கல்லோட தன்மை மூணும் சேர்ந்து அதிர்வை முடிவு பண்ணும். நம்ம 'வைப்ரேஷன்ஸ்' பேப்பர்தான் பாஸ், ஆனா சிற்பி அரியர் வைக்கல!

கை நீட்டினேன். "தட்டாதீங்க தம்பி, எல்லாரும் தட்டித் தட்டித்தான் கல்லு தேயுது" என்றார் பக்கத்துல நின்ன பெரியவர். நியாயம்தான். ஆனா மனசு கனத்துச்சு. வாசிக்காத வாத்தியம்... எங்க வீட்டுப் பரண் ஞாபகம் வந்துச்சு.

இதே கோயில் காந்திமதி அம்மன் மேல முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்துல ஒரு கீர்த்தனை பாடியிருக்கார். அவர் 1835-ல் காலமானது எட்டயபுரத்துல. கிளம்பிட்டேன்! கோவில்பட்டி போய், பஸ் மாறி எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர்னு தெரியும். ஆனா தீட்சிதர் நினைவிடத்துல நிக்கும்போதுதான் இன்னொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786-ல் பிறந்தவர். சென்னைப் பக்கம் ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு, அதுல நம்ம ராகங்களை வாசிச்சு, எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனவர். அண்ணனும் லேசுப்பட்டவர் இல்ல. வெள்ளைக்காரன் பேண்ட் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம்னு இன்னிக்கும் பாடுறாங்க.

யோசிச்சுப் பாருங்க. 'இது நம்ம வாத்தியம் இல்ல'ன்னு அன்னிக்கு பாலுசுவாமி வயலினைக் கீழே வெச்சிருந்தா? இன்னிக்கு வயலின் இல்லாத கச்சேரியைத் தேடணும். ஸ்கார்லாட்டி விஷயமும் அதேதான். ஹார்ப்சிகார்டோட கூர்மை பியானோவுல கொஞ்சம் மழுங்கும், நிஜம். ஆனா அதுல இல்லாத நிழலும் வெளிச்சமும் பியானோவுல வரும். முக்கியமா, கேக்க ஆள் இருக்கும். கல்தூணைத் தொடாம இருந்தாத்தான் காப்பாத்த முடியும். பாட்டைத் தொட்டாத்தான் காப்பாத்த முடியும்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் பரண்ல ஏறிட்டேன். கீபோர்டைத் தொடச்சு ஆன் பண்ணினா, 'ஹார்ப்சிகார்ட்'னு ஒரு பட்டன்! இத்தனை வருஷமா கண்ணுல படல. அதை அமுக்கி கே.141 ஆரம்பிச்சேன். நாலாவது வரியில விரல் சிக்கிக்கிச்சு.

"என்னல இது, தகரத்துல மழை பெஞ்ச மாதிரி?" என்றார் அம்மா.

"ஸ்பெயின் மழைம்மா."

"அப்ப விக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா."