முகம் பாராத காவல்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். காயல்பட்டினத்தில் ஆண்கள் பலர் கடல் கடந்து பிழைக்க, இல்லங்களைக் காப்பவர்கள் பெண்களே. உம்மாவும் தங்கையும் முக்காடின்றி நடமாடும் கூடத்தில் கேமரா பொருத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. பி.ஐ.ஆர். சென்சார் படம் எடுப்பதில்லை; நகரும் உடலின் வெப்பத்தையே உணரும். (பூனைக்கும் சில வேளை அலறும்!) சித்திரை வெயிலில் அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கினால் அதன் உணர்திறன் குன்றும். ஆகவே முடுக்குப் பக்கக் கதவுக்குக் காந்த சென்சாரும் வேண்டும். கதவு திறந்து காந்தம் விலகியதும் மணி ஒலிக்கும். அதன் தொடுமுனைகள் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் உப்புக்காற்று தீண்டாது; வெளியிலுள்ள கம்பி முனைகளோ துருப்பிடிக்கும். அவற்றை மாதம் ஒருமுறை துடைத்துவிட்டு, கதவைத் திறந்து மணி ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம்.