எந்தத் தெரு?

திருநகர் மூணாவது ஸ்டாப்பில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் முதலில் கேட்டது, "சொந்த ஊரு எது?" திருமங்கலம் பக்கம் என்றேன். "பக்கம்னா? எந்தத் தெரு?" எங்கள் சேரியின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. திருமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றைச் சொன்னேன். வீடு கிடைத்தது. அன்றிலிருந்து மாட்டுக்கறி ஆக்கினால் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் ஆக்குவாள். உப்புக்கண்டம் போடுவதை அடியோடு விட்டுவிட்டாள். உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் தொங்கவிட்டால் தெருவே பார்க்குமே.

இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டுதான் 2019ல் கம்பெனிப் பயிற்சிக்காக மூன்று மாதம் ஜப்பானுக்கு, ஒசாகா நகரத்துக்குப் போனேன்.

அங்கே எல்லாரும் எல்லாருக்கும் குனிகிறார்கள். மேலாளர் என் முன்னால் குனிந்தார். பதறிப்போய் நானும் குனிந்தேன். எங்க தாத்தா பண்ணையார் வாசல்ல குனிஞ்ச குனிவு வேற, இது வேற.

சோறு ஒட்டிக்கொண்டே வரும். குச்சி பிடிக்கக் கை பழக ஒரு வாரம் ஆனது. பச்சை மீன் முதல் நாள் தொண்டையில் இறங்கவே இல்லை. நாட்டோ என்று புளிக்கவைத்த சோயா, நூல் நூலாக இழுபடும். வாடை ஆளைத் தூக்கும். பக்கத்து மேசைக்காரர் ஆசையாகத் தின்றார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. காய்ச்சல் வந்த அன்று ஒகாயு என்று கஞ்சி கொடுத்தார்கள், தொட்டுக்கொள்ள உமேபோஷி என்று உப்பில் ஊறிய புளிப்புக்காய். கஞ்சியும் ஊறுகாயும்! அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

யாரும் என் தெருவைக் கேட்கவில்லை. பாபாசாகேப் 1956ல் தழுவிய பவுத்தம் ஆயிரம் வருசத்துக்கு மேலாக இருக்கும் நாடு, இங்கே சாதி இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ராத்திரி, கூட வேலை பார்த்த வயசானவர் ஒருவர் 'காசு ஊதோன்' வாங்கிக் கொடுத்தார். கோதுமை நூடுல்ஸ் சாறு. மேலே மொறுமொறுவென்று மாட்டுக்குடல். கொழுப்பிலேயே பொரித்து எண்ணெயை வடித்தெடுத்த பிறகு மிஞ்சுவது. 'காசு' என்றால் சக்கை. ஒரு வாய் வைத்ததும் எங்க வீட்டு அடுப்படி வாசனை. "இது யார் சாப்பாடு?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முன்னே ஒரு சாரார் மட்டும் தின்றது. இப்போது எல்லாரும் தின்கிறார்கள்."

அந்தத் தாழ்ந்த குரலை எனக்குத் தெரியும். எங்களைப் பற்றி எங்க ஊரில் பேசுகிற குரல் அது.

புராக்கு மக்களைப் பற்றி அப்புறம்தான் தேடிப் படித்தேன். மாடு அறுத்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், மேளத்துக்குத் தோல் கட்டியவர்கள். உயிர்க்கொலை பாவம் என்று அங்கே பவுத்தத்தின் பெயரைச் சொல்லியே இவர்களைத் தீட்டாக்கி ஒதுக்கியிருக்கிறார்கள். இழிபெயர்களை ஒழித்து 1871ல் அரசாணை வந்தது, இழிவு போகவில்லை. 1922 மார்ச் 3ல் கியோட்டோவில் கூடிச் சங்கம் கண்டார்கள். 'சுய்ஹெய்ஷா' என்று பெயர். நீர்மட்டம்போல எல்லாரும் சமம் என்று அர்த்தம். ஐந்து வருசம் கழித்து, 1927ல், மகத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர்.

நம்மைப் போலவே உப்புக்கண்டமும் அவர்களிடம் இருக்கிறது. 'சைபோஷி' என்று பெயர். மாட்டுக்கறி, குதிரைக்கறியைக் காயவைத்துப் புகைபோட்டு எடுப்பது.

ஒரு சேதி என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே முகத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. அதனால் புராக்கு குடியிருப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்று புத்தகமே போட்டு ரகசியமாக விற்றிருக்கிறார்கள். 1975ல் அது அம்பலமானது. பல பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியிருந்தன, வேலைக்கு வருகிறவன் எந்தத் தெரு என்று பார்க்க. புத்தகம் இல்லாமலே எங்க வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வி.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அங்கிட்டும் நம்மள மாதிரி ஆளுக இருக்காகளாடா?" "இருக்காகம்மா." "உப்புக்கண்டம் போடுவாகளா?" "போடுவாக." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஒளிச்சா போடுறாக?"

இப்போது அங்கே கடையில் விற்கிறார்கள் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நான்தான் கொடி கட்டினேன். அம்மா கை நடுங்க நடுங்கக் கண்டங்களைக் கோத்துப் போட்டாள். கீழே வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

மூணாம் நாள் வந்தார். "எந்தத் தெருன்னு சொன்னீங்க?" என்றார். இந்தத் தடவை எங்கள் சேரியின் பெயரைச் சொன்னேன். வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். கண்டம் அதற்குள் நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. எடுத்துக்கொண்டு போனோம்.