கண்ணாடிக்குள் பங்காளிகள்

மீன் வளர்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு என்று எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம். நாய் குரைக்கும், பூனை பாலைக் குடிக்கும், கிளி நம் வீட்டு ரகசியத்தை அடுத்த வீட்டுக்குச் சொல்லும். மீனோ வாயைத் திறந்து திறந்து மூடுமே தவிர ஒரு வார்த்தை பேசாது. எழுதுகிறவன் வீட்டுக்கு இதைவிட உத்தமமான பிராணி ஏது?

இந்த அபிப்பிராயத்தோடுதான் என் பெண்ணின் ஒன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி உயரம், முக்கால் அடி அகலம். விளிம்புவரை ஊற்றினால் 32 லிட்டர், அதாவது இரண்டு குடம். மணலும் கல்லும் போட்ட பிறகு அதுவும் இல்லை.

மீன்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. புடவைக் கடையில் புடவை எடுப்பதுபோல் நிறம் பார்த்து எடுத்தேன். வெள்ளியில் கறுப்புக் கோடு போட்ட ஏஞ்சல் மீன் ஒன்று. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மூன்று. கப்பி நாலு. கருநீலப் பட்டை விரித்தாற்போல் துடுப்பை விரித்துக்கொண்டிருந்த ஃபைட்டர் மீன் ஒன்று.

"எல்லாம் ஒத்துப் போகுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழகிடும் ஸார்" என்றார் கடைக்காரர்.

பழகிவிடும்! கல்யாணத் தரகர்கள் சொல்லும் அதே வார்த்தை.

பெயரிலேயே 'ஃபைட்டர்' என்று இருக்கிறதே, யோசித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன். அதனால்தான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், வம்பு அந்தச் சண்டைக்காரனிடமிருந்து வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஏஞ்சல் மீனின் அடியில் நூல்போல் தொங்கிய துடுப்புகள் குட்டையாகியிருந்தன. உட்கார்ந்து கவனித்தேன். டைகர் பார்ப் பின்னாலிருந்து வந்து ஒரு கடி கடித்துவிட்டு ஓடுகிறது, அது போனதும் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஃபைட்டரின் பட்டும் நார் நாராகக் கிழிந்திருந்தது. ஏஞ்சல் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. இரை போட்டாலும் வெளியே வரவில்லை. ஏழாம் நாள் காலை பக்கவாட்டில் மிதந்தது.

என் பெண் அழவில்லை. பார்ப் மீன்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுங்கதானேப்பா கொன்னுது?" என்றாள்.

"ஆமாம், பொல்லாத மீன்" என்றேன். கறிவேப்பிலைச் செடியடியில் ஏஞ்சலைப் புதைத்தோம்.

சென்னையில் கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்பவர்களும் விற்பவர்களும் நிறைந்த இடம். அங்கே வயதான ஒருவரிடம் என் வழக்கைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தொட்டி எவ்வளவு பெரிசு?" சொன்னேன். "தண்ணி ஊத்தி எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டீங்க?" அன்றைக்கே விட்டேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் ஒன்பது மீன்களை விட்டால், கடி படாத மீன்கூட வாடும்.

"பார்ப் மேலே தப்பு இல்லீங்க" என்றார் பெரியவர். "அது கூட்டமா இருக்கற மீன். பெரிய தொட்டியிலே எட்டு, பத்துன்னு விட்டா அதுங்களுக்குள்ளேயே துரத்திக்கிட்டுக் கிடக்கும். மூணு பேரை மட்டும் விட்டா அடுத்தவன் வாலைத்தான் கடிக்கும். அதுவும் நீளத் துடுப்புக்காரனைப் பக்கத்திலே வெச்சிருக்கீங்க."

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ், 1973-ல் நோபல் பரிசு பெற்றவர், பிராணிகளின் சண்டையைப் பற்றி 1963-ல் ஒரு புத்தகமே எழுதினார். பவளப்பாறை மீன்கள் வேறு இனத்தைவிடத் தன் இனத்தானைத்தான் மூர்க்கமாக விரட்டுகின்றன என்கிறார். ஒரே இரை, ஒரே பொந்து, ஒரே ஜோடிக்குப் போட்டி. நம் ஊரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பெயர். தாய்லாந்தின் வயல்களிலும் குட்டைகளிலும் வாழும் ஃபைட்டரும் அப்படித்தான். இரண்டு ஆண் மீன்கள் சந்தித்தால் செவுள் மூடியை விரித்து மிரட்டும்; கடிக்கும்; தோற்றது ஓடிவிடும். ஜெயித்தது தன் எல்லைக்குத் திரும்பிவிடும். அதோடு சரி.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றிலும் வயலிலும் சண்டை உண்டு. ஓட இடமும் உண்டு. என் தொட்டியில் தோற்றவன் ஒன்றரை அடி ஓடினால் கண்ணாடி. திரும்பினால் அதே எதிரி. எதிரிக்கோ, இவன் இன்னும் போகவில்லையே என்ற கோபம்.

என் தொழிலை நினைத்துக்கொண்டேன். ஒத்துப் போகாத நாலு பேரை ஒரு வீட்டில் போட்டுக் கதவைச் சாத்தினால்தான் எனக்கு நாவல் கிடைக்கும். அவர்கள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால் இரண்டாவது அத்தியாயமே இல்லை. காகிதத்தில் செய்து பழகியதைத் தண்ணீரிலும் செய்துவிட்டேன்.

பார்ப் மூன்றையும் பெரியவரின் பெரிய தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. ஃபைட்டருக்குத் தனிக் குடித்தனம். நல்ல தண்ணீரில் கிழிந்த துடுப்பு மெல்ல வளர்ந்து வருகிறது. கப்பிகளுக்குச் செடி நட்டு, ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒதுங்கக் கல் அடுக்கினேன்.

அன்று மாலை என் பெண் கேட்டாள்: "கொன்னதுங்களுக்குப் போய்ப் பெரிய தொட்டியா?"

பதில் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது.

"அதுங்க கொல்லலை, கண்ணு. நான்தான்."

"கடைக்காரர் பழகிடும்னு சொன்னாரே?"

"சொன்னார். எனக்கு நிறம் பிடிச்சிருந்தது. அதனாலே நம்பினேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்தாள். கப்பிகளுக்கு இடம் போதுமா என்று தொட்டியை அளக்க ஆரம்பித்தாள். மீன் வாங்கப் புறப்படுவதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய காரியம் அது.