உத்திரக் கட்டைக்குப் பேர் கண்டுபிடித்த கதை

திருத்தணி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் சும்மா இருக்கவில்லையடி. ஒரு மரக்கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மாமனார் காலத்து ஓட்டுவீட்டைப் பிரித்தோம் அல்லவா? அடுப்படிக்கு மேலே இருந்த உத்திரம் புகை குடித்துக் கன்னங்கரேலென்று இறங்கி வந்தது. விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசு வரவில்லை. இரண்டடி அறுத்து, ஒரு மத்தும் பூரிக்கட்டையும் கடைந்து வாங்கலாம் என்று கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் கட்டில் கால் கடைந்தே தலை நரைத்தவர். ரம்பம் பட்ட இடம் சிவப்பாகத் தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். "என்ன மரம்னு தெரியாம மிஷின்ல ஏத்தமாட்டேம்மா" என்றார்.

நான் வீடு திரும்புவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "எர்ரசந்தனமாமே!" என்று, செம்மரத்தின் தெலுங்குப் பேரைச் சொல்லி வாசலிலேயே வழிமறித்தாள். என் ஓரகத்தி விலைபோட்டு, பங்கும் பிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர்தான் பாவம், கட்டையைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர் பயமும் பொய்யில்லை. நகரிப் பக்கம் போனால் ஆந்திரா, அதற்கு மேலே செம்மரக் காடுகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதை நம் பக்கத்து ஜனங்கள் மறப்பார்களா? செம்மரம் என்ற பேரைச் சொன்னாலே இங்கே குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

கடைசியில் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாவை வரவழைத்தேன். காபியைக் குடித்துவிட்டு, "ஒரு பக்கெட் தண்ணி கொண்டா" என்றார். கட்டையில் ஒரு துண்டை வெட்டிப் போட்டார். மிதந்தது! "செம்மர வைரம் தண்ணியை விடக் கனம். கல்லு மாதிரி முழுகும். இது முழுகலை" என்றார். ஓரகத்தியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு புது பிளேடால் குறுக்குவெட்டை வழுவழுவென்று சீவி, ஈரத்துணியால் துடைத்து, லென்ஸை என் கண்ணில் வைத்தார். இட்லியை விண்டு பார்த்தால் தெரிகிற மாதிரி துளைகள், பெரிதும் சிறிதுமாக. பக்கவாட்டில் சீவினால் மணலில் காற்று கோடு போட்ட மாதிரி மெல்லிய அலைகள். "பாத்தியா, இந்த அலை செம்மரத்துக்கும் உண்டு. ரெண்டும் டெரோகார்ப்பஸ் இனம், பங்காளிங்க. அதான் ஆளாளுக்குத் தடுமாறுறாங்க" என்றார்.

பங்காளிகளைப் பிரித்துக் காட்டியது ஒரு கண்ணாடி டம்ளர். சீவலை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டோம். காலையில் கட்டன் டீ நிறம். அதைக் கறுப்புப் புடவைக்கு முன்னால் வெயிலில் பிடித்தார் சித்தப்பா. விளிம்பில் மயில்கழுத்து நீலம் மெல்ல மினுங்கியது! செம்மரச் சாயம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, ஸ்பிரிட்டில்தான் ரத்தச் சிவப்பாக இறங்கும். இப்படித் தண்ணீரில் இறங்கி நீலம் காட்டுவது வேங்கை. இந்த வித்தையைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்களும் வாயைப் பிளந்திருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரம் தண்ணீரை நீலமாக்குகிறது என்று ஸ்பெயின் வைத்தியர் மொனார்டெஸ் 1565-இல் எழுதிவைத்தார். புளிப்பு சேர்த்தால் அந்த நீலம் ஓடிவிடும் என்று 1664-இல் ராபர்ட் பாயில் எழுதினார். பிலிப்பைன்ஸில் நம் வேங்கையின் இன்னொரு பங்காளியில் குவளையே கடைந்தார்கள்.

இவ்வளவுக்கும் மேல் சந்தேகம் இருந்தால், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு துண்டை அனுப்பலாமாம். எனக்குச் சந்தேகம் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது எதற்குத் தெரியுமா? வள்ளிமலையில் வள்ளியின் அப்பா நம்பிராஜன் வருகிறான் என்றதும் முருகன் என்னவாக மாறி நின்றான்? வேங்கை மரமாக! வேடர்கள் சுற்றிச் சுற்றி வந்தும் அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. அந்த வள்ளியைக் கைப்பிடித்த மலைக்குக் கீழே, 365 படியையும் தினம் பார்த்துக்கொண்டிருக்கிற நாமும் அதே மரத்தைக் கோட்டைவிட்டோம். நம் ஊரையே எந்த மாநிலம் என்று பிரித்துச் சொல்ல 1960 ஏப்ரல் 1 வரை ஆகவில்லையா? கட்டைக்கு மூன்று வாரம் ஆனால் என்ன?

பட்டறைக்காரர் இப்போது சிரித்த முகமாகக் கடைந்து கொடுத்தார். உளி பட்டதும் உள்ளே பொன்னிறம், நடுவே காவி ரேகை. வேர்த்த கையில் தூள் ஒட்டி, மஞ்சள் அரைத்தவர் மாதிரி நின்றார். மத்தும் பூரிக்கட்டையும் போக மிச்சத்தில் ஒரு குவளையும் கிடைத்தது.

அந்தக் குவளையால் இப்போது புதுத் தொல்லை. தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாம், "ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சுக் காலைல குடிச்சா மாத்திரையே வேணாமாமே" என்று இரவல் கேட்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேங்கைச் சாற்றைச் சோதித்து 1998-இல் முடிவு வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது வைத்தியர்கள் கண்காணிப்பில் அளந்து கொடுத்த மருந்து. குவளைத் தண்ணீருக்கு யார் அளவு பார்த்தது? உன் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை இருக்கிறதே என்றுதான் இதை எழுதுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி பார்க்க வருவாய் அல்லவா? அப்போது இந்த மத்தால் கடைந்த மோர் தருகிறேன். உங்கள் பரணில் பேர் தெரியாத கட்டை ஏதாவது இருந்தால் விறகுக்குப் போடாதே, கொண்டு வா. பக்கெட்டும் பிளேடும் டம்ளரும் தயாராக இருக்கின்றன.

உன் பழைய பெஞ்சுத் தோழி