அஸ்கா என்றொரு மர ரோலர் கோஸ்டர்

ஜப்பானின் நாரா ட்ரீம்லேண்ட் பூங்காவை 2017இல் முழுசாக இடித்து முடித்துவிட்டார்கள். ஆனாலும் அது கைவிடப்பட்டுக் கிடந்த காலத்துப் படங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. எல்லாரும் அங்கிருந்த கோட்டையைப் பார்க்கிறார்கள். எனக்கு அஸ்கா என்ற மர ரோலர் கோஸ்டரை விட்டுக் கண் நகராது.

கலிபோர்னியா டிஸ்னிலேண்டை அப்படியே பார்த்துக் கட்டி 1961இல் திறந்த பூங்கா. 1983இல் டோக்கியோவுக்கு அருகே அசல் டிஸ்னிலேண்டே வந்தது, 2001இல் பக்கத்து ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். பிறகு கூட்டம் எங்கே வரும்? 2006 ஆகஸ்டில் மூடினார்கள். 1998இல் வந்த அஸ்காவுக்கு எட்டே வருஷ ஓட்டம்.

இந்த மாதிரி மரக் கோஸ்டரில் தண்டவாளமே மரம்தான். பலகைகளை அடுக்கடுக்காக இறுக்கி, மேலே தட்டையான இரும்புப் பட்டை பதிப்பார்கள். வெயிலில் சுருங்கும், மழையில் ஊறும், வண்டி பாயும்போது சட்டம் மொத்தமும் லேசாக அசைந்து கொடுக்கும். அந்த அசைவுதான் சுகமே. அதனாலேயே தினமும் காலையில் ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே நடந்துபோய் போல்ட்டுகளைப் பார்த்து முடுக்க வேண்டும். செடிகொடி மண்டிய அந்தப் படங்களை 'அழிவின் அழகு' என்கிறார்கள். எனக்கோ அந்தக் காலை நடை நின்றுபோனதுதான் தெரிகிறது.

பென்சில்வேனியாவில் 1902இல் கட்டிய லீப் தி டிப்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டரும் 1985இல் நின்றது. ஆர்வலர்கள் பணம் திரட்டிப் பழுதுபார்த்து 1999இல் மறுபடி ஓட்டினார்கள். அஸ்காவுக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கக் கூடாதா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.